ரெண்டு நாள் தலைமைப் பயிற்சி முகாம் நடத்துறது எப்படி: பசங்க கையில பொறுப்பைக் குடுங்க, மைக்கை எடுத்து ஓரமா வைங்க

நம்ம ஊர்ல "தலைமைப் பண்பு பயிற்சி"ன்னு போர்டு வச்சா உள்ள என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஒரு ஹால், வரிசையா சேர், ஒரு புரொஜக்டர், குத்துவிளக்கு, பொன்னாடை, அப்புறம் ஆறு பேர் மாத்தி மாத்திப் பேசுவாங்க, பசங்க கைதட்டிட்டு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. அந்த ரெண்டு நாள்ல ஒரு பிள்ளைகூட ஒரு முடிவும் எடுத்திருக்காது. நான் பல வருஷமா 12லருந்து 15 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு முகாம் நடத்துறேன், இதுல எனக்கு உறுதியா தெரிஞ்சது ஒண்ணுதான்: தான் செய்யலன்னா எட்டு பேருக்கு மதியம் சோறு கிடையாதுன்னு ஒரு பிள்ளைக்குத் தெரியணும், அந்த இடத்துலதான் தலைமை ஆரம்பிக்குது. விளையாட்டும் அப்படித்தான், கபடி ஆடத் தெரிஞ்ச பசங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க, முப்பது சின்னப் பிள்ளைங்களை நிக்க வச்சு சண்டை வராம ஒரு ஆட்டத்தை நடத்தி முடிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. அந்த நடத்துற திறமையைத்தான் சொல்லிக் குடுக்கணும்.

கீழ சொல்றது 32 பசங்க, ரெண்டு நாள், காலைல 7 மணிலருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும், ராத்திரி தங்குறது இல்ல, அந்தக் கணக்குக்கு. முதல் தடவை நடத்துறவங்க தயவுசெஞ்சு ராத்திரி தங்க வைக்காதீங்க, அது வேற ஒரு பெரிய பொறுப்பு, ரெண்டு மூணு முகாம் நடத்தின பிறகு யோசிக்கலாம்.

எட்டு எட்டா பிரிக்கிறது

1907 ஆகஸ்ட் 1ஆம் தேதி இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல பேடன் பவல்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சுமார் இருபது பசங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரு முகாம் போட்டார், சாரணர் இயக்கம் தொடங்கினது அங்கருந்துதான். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பசங்களும் சாதாரண வேலைக்காரங்க வீட்டுப் பசங்களும் கலந்து இருந்தாங்க, நாலு அணியா பிரிச்சு ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனையே தலைவனா போட்டார், பெரியவங்களைப் போடல. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்த முறைக்கு இணையா வேற ஒண்ணு நான் பாக்கல. ஆனா நான் ஒரு மாத்தம் பண்ணுவேன், ரெண்டு நாளும் ஒரே தலைவர்னு வைக்க மாட்டேன்.

எதுக்குன்னா நீங்க "யாரு லீடர்?"னு கேட்டா ஏற்கனவே வகுப்புல லீடரா இருக்கிற பிள்ளைதான் கை தூக்கும், இல்ல மத்த பசங்க அந்தப் பிள்ளையைத்தான் காட்டுவாங்க, அதுக்கு நம்ம பயிற்சி எதுக்கு. அதனால கணக்கை இப்படி வைங்க, ஒரு அணிக்கு எட்டு பேர், ரெண்டு நாளைக்கு எட்டு வேலை, ஒரு வேலைக்கு ஒரு தலைவர். முதல் நாள் கயிறு கட்டுறது, சமையல், வழி தேடுறது, சாயங்கால ஆட்டம். ரெண்டாவது நாள் காலை ஆட்டம், கம்பு கட்டி ஸ்டாண்ட் செய்றது, சமையல், கடைசியா விளையாட்டுத் திருவிழா. யார் எந்த வேலைக்குத் தலைவர்னு முதல் நாள் காலைலயே சார்ட்டுல எழுதி ஒட்டிடுங்க. பேசவே பேசாத பிள்ளைக்கு முதல் வேலையைக் குடுக்காதீங்க, கடைசி வேலையையும் குடுக்காதீங்க, ரெண்டு மூணு பேர் செய்றதைப் பாத்த பிறகு நடுவுல வந்தா அதுக்குத் தைரியம் இருக்கும். அப்புறம் கூட்டாளிங்க நாலு பேரும் ஒரே அணியில சேரக் கேப்பாங்க, ஒரு ஜோடியை மட்டும் ஒண்ணா விடுங்க, மீதியைப் பிரிச்சிடுங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தா போதும்.

முன்னாடியே முடிக்க வேண்டியது

பெரியவங்க ஆறு பேர் வேணும், அணிக்கு ஒருத்தர், முதலுதவிக்கு ஒருத்தர், அடுப்புப் பக்கம் நகராம நிக்க ஒருத்தர். ஆள் இல்லன்னா பக்கத்துல இருக்கிற காலேஜ்ல என்எஸ்எஸ், அதாவது நாட்டு நலப்பணித் திட்டம், அதோட திட்ட அலுவலரைப் போய்ப் பாருங்க. என்எஸ்எஸ் 1969ல காந்தி நூற்றாண்டு வருஷத்துல தொடங்கினது, அதுல இருக்கிற மாணவர்கள் வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை செய்யணும், அதனால இந்த மாதிரி வேலைக்கு ஆர்வமா வருவாங்க. ஆனா ஒரு வாரம் முன்னாடி அவங்களை உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசணும், இல்லன்னா அவங்களே எல்லாத்தையும் செஞ்சு முடிச்சிடுவாங்க, பசங்க வேடிக்கை பாப்பாங்க.

பெத்தவங்க கையெழுத்து போட்ட ஒப்புதல் படிவம் இல்லாம ஒரு பிள்ளையையும் சேக்காதீங்க. அதுல ரெண்டு போன் நம்பர், வீசிங் இருக்கா, வலிப்பு வந்திருக்கா, எந்தச் சாப்பாடு ஒத்துக்காது, தினமும் என்ன மாத்திரை எடுக்குது, இவ்வளவும் இருக்கணும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடவும் தனியா ஒரு அறையிலயோ மறைவிலயோ இருக்கக் கூடாது, எப்பவும் இன்னொருத்தர் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல இருக்கணும், இதை நான் சங்கோஜமே படாம எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன். ஒரு பிள்ளை தனக்கு ஏதாவது தப்பு நடந்ததா சொன்னா அதை நம்மளே விசாரிச்சு நம்மளே மூடி வைக்கிற பேச்சே கிடையாது, பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துலருந்து பாதுகாக்கிற 2012 போக்சோ சட்டப்படி போலீஸ்ல சொல்லியே ஆகணும். 1098 குழந்தைகள் உதவி எண், 108 ஆம்புலன்ஸ், ரெண்டையும் சார்ட்டுல பெருசா எழுதி வைங்க.

பொம்பளைப் பிள்ளைங்களுக்கு தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணி, நாப்கின், குப்பைத்தொட்டி, இது நாலும் இல்லாத இடம் எவ்வளவு அழகான தோப்பா இருந்தாலும் வேண்டாம்னு விட்டுடுங்க. இடம் பாக்கப் போகும்போது ஆம்பளைங்க மட்டும் போகாதீங்க.

மே மாசம் நடத்துறதா இருந்தா காலை 11 மணிலருந்து 4 மணி வரைக்கும் வெயில்ல எதுவும் கிடையாது, நிழல்ல செய்ற வேலையை அந்த நேரத்துக்கு மாத்துங்க. ஓஆர்எஸ் (உடம்புல நீர் வத்திப் போனா குடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட் வாங்கி வைங்க, இல்லாத நேரத்துக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டுமே தலை தட்டின ஸ்பூனா இருக்கணும், உப்பு கூடிடக் கூடாது.

முன்கூட்டியே இருபது நிமிஷம்

இந்த முகாமோட உயிரே இதுலதான் இருக்கு, மத்ததை மாத்திக்கிட்டாலும் இதை மாத்தாதீங்க. ஒவ்வொரு வேலைக்கும் இருபது நிமிஷம் முன்னாடி அந்த வேலைக்கு உள்ள நாலு தலைவர்களை மட்டும் தனியா கூப்பிட்டு சொல்லிக் குடுக்கணும். அப்புறம் அவங்க போய் அவங்க அணியில ஏழு பேருக்கு சொல்லிக் குடுப்பாங்க. நீங்க 32 பேருக்கும் சேத்து ஒரு தடவைகூட சொல்லிக் குடுக்கக் கூடாது. கஷ்டமாத்தான் இருக்கும், ஒரு பிள்ளை முடிச்சைத் தப்பா போட்டுக் காட்டும்போது வாய் வரைக்கும் வந்துடும், அடக்கிக்கோங்க, அஞ்சு நிமிஷத்துல அந்த அணியிலயே ஒருத்தர் "இது அவுந்துடுதே"ன்னு கேப்பாங்க, தலைவர் உங்ககிட்ட ஓடி வரும், அப்ப சொல்லுங்க. அந்த நேரத்துல சொன்னது மறக்காது.

கயிறுக்கு நைலான் வேண்டாம், வழுக்கும். தேங்காநார் கயிறு கையைக் கிழிக்கும். 8 மில்லிமீட்டர் கனத்துல பருத்திக் கயிறு வாங்கி ஆளுக்கு ரெண்டு மீட்டர் வெட்டி நுனியில நூல் சுத்திடுங்க. மூணு முடிச்சு போதும். ரீஃப் நாட், வலதை இடது மேல போட்டு ஒரு தடவை, இடதை வலது மேல போட்டு இன்னொரு தடவை, கட்டுத்துணி கட்ட நல்லது, ஆளோட பாரத்தையோ கனமான பொருளையோ இதை நம்பித் தொங்க விடக் கூடாதுன்னு கட்டாயம் சொல்லணும். க்ளோவ் ஹிட்ச், கம்புல கயித்தை நிறுத்த. போலைன், இறுகாத சுருக்கு, இதுக்கு நான் சொல்றது, கெணத்துலருந்து பாம்பு வெளிய வருது, மரத்தைச் சுத்துது, திரும்ப அதே கெணத்துக்குள்ள போயிடுது. பசங்க சிரிச்சுக்கிட்டே போட்டுடுவாங்க.

எல்லாரும் பரபரப்பா இருக்கும்போது ஒரு விஷயம் செய்ங்க, பெரியவங்க எல்லாரும் சொல்லாம ஒரு பத்து நிமிஷம் தள்ளிப் போய் நில்லுங்க, பசங்களை நீங்க பாக்கணும், அவங்களுக்கு நீங்க தெரியக் கூடாது. கர்ட் லெவின்ங்கிற உளவியல் ஆய்வாளரும் அவரோட வேலை பாத்தவங்களும் 1930கள் கடைசில அமெரிக்காவுல அயோவால பத்து வயசுப் பசங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, முகமூடி செய்ற குழுக்கள், ஒரு மாதிரி குழுவுல பெரியவர் எல்லாத்தையும் அவரே ஆணை போட்டார், இன்னொண்ணுல பசங்களோட கலந்து பேசி முடிவு பண்ணார், வேற ஒண்ணுல கண்டுக்கவே இல்ல. ஆணை போட்ட குழுல அவர் அறையை விட்டு வெளிய போனதும் வேலை படுத்துடுச்சு, கலந்து பேசின குழுல அவர் இல்லாதப்பவும் வேலை பெரும்பாலும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. உங்க முகாம் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிக்க அந்தப் பத்து நிமிஷம் போதும்.

சமையல்

முகாம்ல ஒரே ஒரு வேலைதான் வைக்க முடியும்னு சொன்னீங்கன்னா நான் சமையலைத்தான் வைப்பேன். பசி வந்துடும், நேரம் ஓடும், புகை கண்ணுல அடிக்கும், எட்டு பேருக்கும் வேலை இருக்கும், தப்பு பண்ணா உடனே தெரியும். அணிக்கு ஒரு அடுப்பு, மூணு பக்கம் செங்கல். முதல் நாளுக்கு ஒரே பாத்திரத்துல முடியுற சாம்பார் சாதம் வைங்க, எட்டு பேருக்கு 800 கிராம் அரிசி, 400 கிராம் துவரம்பருப்பு, ஒரு கிலோ காய், பத்து லிட்டர் பிடிக்கிற பாத்திரம். பருப்பை ஒரு மணி நேரமாவது முன்னாடி ஊற வைக்கச் சொல்லுங்க, குக்கர் இல்லாம விறகடுப்புல பருப்பு வேக நேரம் எடுக்கும், பருப்பு நல்லா குழைஞ்ச பிறகுதான் அரிசி போடணும். இந்த வரிசையைத் தலைவருக்கு மட்டும் சொல்லிட்டு நகந்துடுங்க.

தீயும் கத்தியும் மட்டும் விதிவிலக்கு. அடுப்புக்குப் பக்கத்துல ஒரு வாளி மண்ணு, ஒரு வாளி தண்ணி, துப்பட்டா இடுப்புல கட்டியிருக்கணும், முடியைத் தூக்கிக் கட்டியிருக்கணும், பருத்தித் துணிதான் போட்டிருக்கணும். கொதிக்கிற பாத்திரத்தை இறக்குறது பெரியவங்கதான். சுட்டுட்டா ஓடுற தண்ணில இருபது நிமிஷம் காட்டணும், பேஸ்ட்டு மாவு மஞ்சள் எதுவும் தடவக் கூடாது.

ஒரு தடவை ஒரு பொண்ணு தலைவியா இருந்தா, வீட்டுல சமைச்சுப் பழக்கம், வெங்காயம் வெட்டுனது அவ, தாளிச்சது அவ, கிளறுனது அவ, மத்த ஏழு பேரும் சுத்தி நின்னாங்க, சாப்பாடு ரெண்டரை மணிக்குத்தான் வந்துச்சு, ருசியாவும் இருந்துச்சு. நான் பாராட்டத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள, வேலை முடிஞ்சதும் அணியா உக்காந்து பேசுற வட்டத்துல, ஒரு பையன் சொன்னான், "அக்கா, அவ எங்களை ஒண்ணுமே செய்யச் சொல்லல, நாங்க கேட்டோம், வேண்டாம்னுட்டா." அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு "எங்க வீட்டுல நான் கேட்டா யாரும் செய்ய மாட்டாங்க, அதான் கேக்கப் பழகல"ன்னு சொன்னா. அன்னைக்கு அந்த எட்டு பேருக்கும் எனக்கும் கிடைச்ச பாடம் எந்தப் பேச்சாளர் வந்தும் சொல்ல முடியாதது. அதுக்கப்புறம் சமையல் தலைவருக்கு ஒரு விதி வச்சேன், கரண்டியைக் கையில எடுக்கக் கூடாது, யாருக்கு என்ன வேலைன்னு சொல்றதும் சுத்திப் பாக்குறதும் மட்டும்தான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். யார் தண்ணி எடுக்குறது, யார் பாத்திரம் கழுவுறது, யார் சமைச்சதை யார் சாப்பிடுறதுங்கிறதுல நம்ம ஊர்ல சாதி உள்ள வந்துடும், பசங்க வாயால சொல்லாட்டியும் தட்டை எடுத்துட்டுத் தள்ளி உக்காருறதுல தெரியும். அதனால ஒப்புதல் படிவத்துலயே எழுதிடுங்க, எல்லாரும் சமைப்பாங்க, எல்லாரும் கழுவுவாங்க, எல்லாரும் ஒரே பந்தியில ஒரே பாத்திரத்துலருந்து சாப்பிடுவாங்கன்னு. இதுக்கு ஒத்துக்காதவங்களுக்காக விதியைத் தளத்தக் கூடாது. பாத்திரம் கழுவுற முறை பையன்களுக்கு முதல்ல வரணும்.

ஆட்டம் நடத்துறது

இதுக்கு நாலு தலைவர்களையும் கூப்பிட்டு நான் சொல்றது சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனா இதுலதான் ஆட்டம் நிக்கும். ஆளைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி கோட்டைப் போட்டு முடிச்சிடணும், 30 பேரை நிக்க வச்சுக்கிட்டு கோடு போட்டா கூட்டம் கலைஞ்சிடும். சூரியன் உன் முகத்துல அடிக்கட்டும், அவங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும், அப்பத்தான் அவங்களுக்கு உன்னைத் தெரியும். விதியை வாயால நீட்டி முழக்காம நாலு பேரை வச்சு ஆடிக் காட்டு, ஒரு ரவுண்டு வெள்ளோட்டம், அதுல யாரும் அவுட் இல்ல, அப்புறம் நிஜ ஆட்டம். பசங்க "இன்னும் ஒரு ரவுண்டு"ன்னு கேக்கும்போதே நிறுத்திடு, சலிச்ச பிறகு நிறுத்தினா அடுத்த தடவை கூப்பிட்டா வர மாட்டாங்க.

என்ன ஆட்டம்னா, ஓடுறதுக்குக் கிளித்தட்டு, சில ஊர்ல உப்புக்கோடுன்னு சொல்வாங்க. கோட்டை விட்டு நகராம மறிக்கிறவங்க, நடுக்கோடு முழுக்க ஓடக்கூடிய கிளி, உள்ள புகுந்து போறவங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே ஆடணும், ஒரு ஆள் போக்குக் காட்டினாத்தான் இன்னொரு ஆள் தாண்ட முடியும். தலைமைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல ஓட்ட விளையாட்டு எனக்குத் தெரியாது, செலவு ஒரு கைப்பிடி சுண்ணாம்புப் பொடிதான்.

உக்காந்து ஆடுறதுக்கு ஆடுபுலி. மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஆடு தனியா ஒண்ணும் பண்ண முடியாது, புலி தாண்டிக் குதிச்சு வெட்டிடும், ஆனா ஆடுங்க சேந்து இடத்தை அடைச்சா புலி நகர முடியாம நிக்கும். நான் இதைத் தரையில பெருசா வரைஞ்சு புலிக்கு ஒருத்தர், ஆடு பக்கம் நாலு பேர் சேந்து பேசி ஒரு நகர்வு, அப்படி ஆட விடுவேன். நாலு பேர் பேசி முடிவு எடுக்கத் திணறுறதையும் ஒருத்தர் மட்டும் அடிச்சுப் பேசுறதையும் கண்ணால பாக்கலாம், ஆட்டம் முடிஞ்சதும் அதையே வட்டத்துல கேக்கலாம். பல்லாங்குழியும் வைங்க, 14 குழி, புளியங்கொட்டை இருந்தா போதும், பாட்டி யாராவது வந்து சொல்லிக் குடுத்தா ரொம்ப நல்லது, ஊருக்கு ஊர் விதி மாறும், உங்க ஊர் விதியையே எடுத்துக்கோங்க.

அவுட் ஆனா வெளிய உக்காருற ஆட்டங்களைப் பத்தி எனக்கு ஒரு கோபம் உண்டு. ஓட முடியாத பிள்ளை முதல்ல அவுட் ஆகும், மீதி நேரம் முழுக்க வெளிய உக்காந்திருக்கும், யாருக்கு ஆட்டம் ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் ஆட்டம் கிடைக்காது. அதனால ரெண்டாவது நாள் காலைல தலைவர்களுக்கு ஒரு வேலை குடுங்க, தெரிஞ்ச ஒரு ஆட்டத்தை எடுத்து யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல வெளிய நிக்காத மாதிரி விதியை மாத்திட்டு வரணும். கண்ணு சரியா தெரியாத பிள்ளையோ வீல்சேர்ல வர்ற பிள்ளையோ இருந்தா அந்தப் பிள்ளைகிட்டயே கேட்டு விதியை மாத்தச் சொல்லுங்க, நாமளே பரிதாபப்பட்டு ஸ்கோர் எழுதுற வேலையைக் குடுத்து ஓரங்கட்டக் கூடாது.

வழி தேடுறது பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, மைதானத்தையும் சுத்துத் தெருவையும் ஒரு தாள்ல வரைஞ்சு ஆறு இடம் குறிச்சு ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கேள்வி வச்சிடுங்க, அணி பிரியாம போய்த் திரும்பணும், கூட ஒரு பெரியவர், வாய் திறக்காம. கிணறு, குளம், ரயில் தண்டவாளம், மெயின் ரோடு எதுவும் வழியில இருக்கக் கூடாது.

கம்பு வேலைக்கு ஆறடி சவுக்குக் கம்பு அணிக்கு மூணு. மூணையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சு, ஓரக் கம்புல க்ளோவ் ஹிட்ச் போட்டு, கயித்தை மேல கீழன்னு பின்னி ஆறு ஏழு சுத்து, கம்புக்கு இடையில ரெண்டு ரெண்டு இறுக்குச் சுத்து, கடைசியா இன்னொரு க்ளோவ் ஹிட்ச். ரொம்ப இறுக்கிட்டா கால் விரியாது. நிமித்தி வச்சு நடுவுல தண்ணிக் குடம் தொங்க விட்டா கை கழுவுற ஸ்டாண்ட். அன்னைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அதுலதான் எல்லாரும் கை கழுவணும், சும்மா செஞ்சு காட்டிட்டுப் பிரிச்சுப் போடுற வேலைன்னா பசங்க அக்கறையா கட்ட மாட்டாங்க. அது மேல ஏறவோ உக்காரவோ விடாதீங்க.

வட்டம்

ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் பத்து நிமிஷம் அணியா வட்டமா உக்காரணும். மூணே கேள்வி, என்ன நடந்துச்சு, ஏன் அப்படி ஆச்சு, அடுத்த தடவை எதை மாத்துவோம். அந்த வேலையோட தலைவர்தான் முதல்ல பேசணும், கூட இருக்கிற பெரியவர் "சூப்பர்"னோ "தப்பு"ன்னோ சொல்லவே கூடாது. கேள்வி கேட்டதும் அமைதியா இருந்தா பதறி நீங்களே பதில் சொல்லிடாதீங்க, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, யாராவது பேசிடுவாங்க. "அவன் சோம்பேறி"ன்னு ஆளைச் சொன்னா "அவன் என்ன செஞ்சான், அதைச் சொல்லு"ன்னு திருப்பிக் கேளுங்க.

கடைசி மத்தியானம்

ரெண்டாவது நாள் மூணரை மணிக்கு (மே மாசம்னா வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு) அந்தத் தெருவுல இருக்கிற மூணாவது நாலாவது அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்களைக் கூப்பிடுங்க, முப்பது நாப்பது பேர் வந்தா போதும். ஒவ்வொரு அணியும் தாங்களே விதி மாத்தின ஆட்டத்தை ஒரு மூலையில நடத்தணும், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சின்னப் பிள்ளைங்க அடுத்த மூலைக்குப் போவாங்க, நாலு சுத்து. முதல் சுத்துல குழப்பம்தான், சின்னதுங்க அழும், கோட்டை அழிக்கும், ஒருத்தன் பந்தைத் தூக்கிட்டு ஓடுவான். நாலாவது சுத்துல பாருங்க, அதே பசங்க குரலைத் தாழ்த்தி மண்டி போட்டு உக்காந்து கண்ணைப் பாத்து விதி சொல்லிக்கிட்டு இருப்பாங்க, யாரும் அப்படிச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டோம்.

நிறைவு விழா, மேடை, விருந்தினர் வேண்டாம், பெத்தவங்களை இந்த விளையாட்டுத் திருவிழாவுக்கு வரச் சொல்லுங்க, தன் பிள்ளை இன்னொரு பத்துப் பிள்ளைங்களை நடத்துறதை அவங்க நேர்ல பாக்கட்டும். சர்டிஃபிகேட் அடிக்கிற காசுல ஆளுக்கு ஒரு கயிறும் ஆட்ட விதிகளைப் பசங்களே எழுதின ஒரு சின்ன நோட்டும் குடுத்து அனுப்பலாம்.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமையைக் குறிச்சு வைங்க. ஒவ்வொரு பிள்ளையும் அதுக்குள்ள தன் தெருவுல ஒரு தடவையாவது ஒரு ஆட்டத்தை நடத்தியிருக்கணும், அதைப் பத்தி வந்து வட்டத்துல சொல்லணும், 32 பேர்ல 15 பேர் வந்தாலும் உக்காந்து கேளுங்க, வராதவங்க வீட்டுக்குப் போய் ஏன்னு விசாரிங்க, பாதி வீட்டுல தம்பி தங்கச்சியைப் பாத்துக்கிற வேலையோ கடையில நிக்கிற வேலையோ இருக்கும், அடுத்த முகாமுக்கு நேரத்தை அதுக்கேத்த மாதிரி மாத்தலாம். உங்ககிட்ட மிச்சம் இருக்கிற கயித்தை நல்லா வெயில்ல காய வச்சுச் சுருட்டுங்க, ஈரத்தோட மூட்டை கட்டினா அடுத்த முகாமுக்குள்ள இத்துப் போயிடும்.